ஓவன் சூடு தீர்க்காத சிக்கல்கள்

மைதா மேட்டின் நடுவே குழி பறித்து இரண்டு முட்டைகளை உடைத்து ஊற்றியிருந்தேன். முள்கரண்டியால் கலக்கிக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் நின்ற மகள் விரலால் மாவைத் தொட்டு வாயில் வைக்கப் போனாள். சட்டென்று கையைப் பிடித்துக்கொண்டேன். "எப்படியும் ஓவன்ல வேகப் போகுதே, அப்புறம் என்னம்மா?" என்றாள்.

நம்மில் பலருடைய நம்பிக்கையும் இதுதான்: கடைசியில் சூடு எல்லாவற்றையும் சரிசெய்துவிடும். இது பாதிதான் உண்மை. ஓவனுக்கு முன்னும் பின்னும் நடப்பவற்றைச் சூடு சரிசெய்வதில்லை. கடையிலிருந்தே கெட்டுப்போய் வந்த பொருளையும் அது நல்லதாக்காது.

நான் செய்துகொண்டிருந்தது கன்னெல்லோனி. முட்டை சேர்த்த மாவை மெல்லிய ஏடாகத் தேய்த்து, பூரணம் வைத்துச் சுருட்டி, மேலே சாஸ் ஊற்றிச் சுடும் இத்தாலியப் பண்டம். பெயருக்கே பெரிய குழாய்கள் என்றுதான் பொருள். 100 கிராம் மாவுக்கு ஒரு முட்டை என்பது வீட்டுக் கணக்கு. இத்தாலியில் கடையில் விற்கும் பாஸ்தாவை 'முட்டை பாஸ்தா' என்று சொல்ல வேண்டுமானால், ஒரு கிலோ ரவைக்குக் குறைந்தது 4 முட்டை, அதாவது 200 கிராம் முட்டை இருக்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. பெயரில் உள்ளது பண்டத்திலும் இருக்க வேண்டும் என்று கேட்பது, சாப்பிடுகிறவரின் உரிமை.

மாவு பிசையும்போது

பச்சை முட்டையில் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம் என்பது பலருக்குத் தெரியும். பச்சை மாவிலும் ஆபத்து உண்டு என்பது தெரியாது. கோதுமை வயலில் விளைகிறது. அரைக்கும்போது அதிலுள்ள கிருமிகள் சாவதில்லை. அமெரிக்காவில் 2016-ல் மாவு வழியாகப் பரவிய ஈ.கோலை கிருமியால் 24 மாநிலங்களில் 63 பேர் நோயுற்றார்கள். அவர்களில் பலர் வேகாத மாவைச் சுவைத்தவர்கள் அல்லது கையாண்டவர்கள். அதனால் உப்பு பார்க்கவென்று கூடப் பச்சை மாவை வாயில் வைக்கக் கூடாது. குழந்தைக்கு விளையாட உருண்டை பிடித்துக் கொடுப்பதும் வேண்டாம். முட்டை ஓட்டைத் தொட்ட கையையும், மாவு சிந்திய மேடையையும் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே அடுத்த வேலை.

பத்து நிமிடம் நன்றாகப் பிசைந்து, மூடி, அரை மணி நேரம் ஊறவிட்டால் மாவு பட்டுப்போல இழையும். அதற்கு மேல் வெளியே விட்டுவைக்க வேண்டாம். முட்டை மாவு அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. வெப்பம் 32 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் ஒரு மணி நேரம்தான் கணக்கு. சித்திரை மாதத்துச் சென்னைச் சமையலறைக்கு இரண்டாவது கணக்கே பொருந்தும். கொடியில் துணி உலர்த்துவதுபோல் பாஸ்தாவைத் தொங்கவிடும் படங்களைப் பார்த்து, நம் ஊர்ப் புழுக்கத்தில் முட்டைப் பாஸ்தாவை நாள் முழுக்க உலர்த்துவது ஆபத்து. மிஞ்சிய ஏடுகளை ஃப்ரீசரில் வைத்துவிடலாம்.

பூரணமும் பாத்திரமும்

தேய்த்த ஏடுகளை உப்பு போட்ட கொதிநீரில் இரண்டு நிமிடம் வேகவிட்டு, குளிர்ந்த நீரில் முக்கி, சுத்தமான துணியில் பரப்ப வேண்டும். பூரணத்துக்கு ரிக்கோட்டாவும் பசலைக்கீரையும். ரிக்கோட்டா கிடைக்காவிட்டால், காய்ச்சிய பாலைத் திரித்து வடிகட்டி வீட்டிலேயே எடுக்கும் மென்மையான பன்னீர் போதும். காய்ச்சாத பாலில் செய்த மென்சீஸ் கர்ப்பிணிகளுக்கும் முதியவர்களுக்கும் ஆகாது. அதில் லிஸ்டீரியா கிருமி இருக்கக்கூடும். பூரணத்தில் முட்டை சேர்ப்பதாக இருந்தால், உப்பை முன்பே ருசி பார்த்துவிட்டுக் கடைசியில் முட்டையை ஊற்றுங்கள்.

சுருட்டி அடுக்கி, வெள்ளை சாஸ் ஊற்றி, 190 டிகிரியில் அரை மணி நேரம் சுட வேண்டும். மேலே பொன்னிறம் வந்துவிட்டது என்பதற்காக உள்ளே வெந்துவிட்டது என்று எண்ண வேண்டாம். நடுப்பகுதி 74 டிகிரியைத் தொட வேண்டும். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கண்ணாடிப் பாத்திரத்தை நேராகச் சூடான ஓவனில் வைத்தால் அது வெடித்துச் சிதறக்கூடும். 2,000 வாட் ஓவன் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் மின்சாரம் இழுக்கும். 6 ஆம்பியர் பிளக்கில் சொருகினால் பிளக் உருகும், தீப்பிடிக்கும். அதற்கு எர்த் இணைப்புள்ள 16 ஆம்பியர் பிளக் வேண்டும்.

மீந்ததுதான் பெரிய ஆபத்து

பெல்ஜியத்தில் 2008-ல், ஐந்து நாள் அறை வெப்பத்தில் கிடந்த ஸ்பகெட்டியைச் சூடாக்கிச் சாப்பிட்ட 20 வயது மாணவர், அடுத்த நாள் காலைக்குள் இறந்துவிட்டார். காரணம் பேசில்லஸ் செரியஸ் என்ற கிருமி. அதன் வித்துகள் கொதிநீரிலும் சாவதில்லை. வெந்த மாவுப் பண்டத்தை வெளியே விட்டால் அவை முளைத்துப் பெருகி நஞ்சைச் சுரக்கும். கிருமி செத்தாலும் அந்த நஞ்சு மறுசூட்டில் அழியாது. மகளின் கேள்விக்குப் பதில் இதுதான்.

எனவே மீந்ததை ஆழமில்லாத டப்பாக்களில் பிரித்து, இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் 5 டிகிரிக்குக் கீழே வையுங்கள். மூன்று நாளுக்குள், ஒரே ஒரு முறை, ஆவி பறக்கச் சூடாக்கிச் சாப்பிடுங்கள். இரவு முழுக்க மேடையில் கிடந்ததை, மணம் நன்றாக இருந்தாலும், கொட்டிவிடுங்கள்.

வாங்கும்போது உங்கள் உரிமை

ஒருமுறை கடையில் எடுத்த சீஸ் பாக்கெட்டில் தேதியின் மேல் சின்ன ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டினேன். கீழே போன மாதத்துத் தேதி. அன்று முதல் லேபிளைப் படிக்காமல் எதையும் கூடையில் போடுவதில்லை.

பாக்கெட்டில் 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ (இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணைய) எண், பொருள் பட்டியல், காலாவதித் தேதி இருக்க வேண்டும். கோதுமை, முட்டை, பால், கொட்டைகள் போன்ற ஒவ்வாமைப் பொருள்களையும் அறிவிக்க வேண்டும். முட்டை சேர்ந்த பாஸ்தாவில் அசைவக் குறி இருக்க வேண்டும். பட்டியலில் பாமாயில் போன்ற தாவரக் கொழுப்பு இருந்தால் அது பால் சீஸ் அல்ல. பால் பொருள் என்று நம்பவைத்து அதை விற்கக் கூடாது. அசல் பார்மிஜானோ சீஸ், கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னெட்டால் உறையவைக்கப்படுவது. சைவ உணவுக்காரர்கள் எந்தச் சீஸையும், அதில் சேர்த்த ரென்னெட் எது என்று கேட்டுத் தெரிந்துகொண்டே வாங்கலாம்.

சந்தேகப் பொருளைப் பரிசோதிக்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2006-ன் 40-ஆவது பிரிவின்படி, வாங்கும்போதே கடைக்காரரிடம் தெரிவித்துவிட்டு, கட்டணம் செலுத்தி உணவுப் பகுப்பாய்வாளரிடம் அறிக்கை பெறலாம். பொருள் சட்டத்துக்குப் புறம்பானது என்று தெரிந்தால் கட்டணத்தைத் திரும்பப் பெறலாம்.

வீட்டில் செய்ததை விற்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: சிறிய அளவாக இருந்தாலும் எஃப்எஸ்எஸ்ஏஐ பதிவு கட்டாயம்.

பாதிப்பு வந்தால்

வாந்தி, வயிற்றுப்போக்கு என்றால் முதலில் ஓஆர்எஸ் கரைசல். மலத்தில் ரத்தம், கடும் காய்ச்சல், சிறுநீர் வராமை, மயக்கம், கண் மஞ்சளாவது இவற்றில் ஒன்று தென்பட்டாலும் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்; ஆம்புலன்ஸ் எண் 108. என்ன சாப்பிட்டீர்கள், எப்போது என்பதை மருத்துவரிடம் சொல்லுங்கள். சிகிச்சைச் சீட்டுகளைப் பத்திரப்படுத்துங்கள்.

தமிழ்நாட்டில் உணவு குறித்த புகாரை 94440 42322 என்ற வாட்ஸ்அப் எண்ணில் படத்துடன் அனுப்பலாம். மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்திலும் நேரில் கொடுக்கலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. விற்ற உணவால் உயிரிழப்பு நேர்ந்தால் குறைந்தது 5 லட்சம் ரூபாயும், கடும் பாதிப்புக்கு 3 லட்சம் வரையும், மற்றப் பாதிப்புகளுக்கு ஒரு லட்சம் வரையும் இழப்பீடு வழங்க உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 65-ஆவது பிரிவு வழிசெய்கிறது.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட ஆணையத்தில் வழக்குத் தொடரலாம். கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை; வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே வாதாடலாம். பழுதான ஓவனுக்கும் உடைந்த பாத்திரத்துக்கும் இதே வழிதான்.

எந்தப் புகாருக்கும் கையில் ஆதாரம் வேண்டும். எங்கள் வீட்டில் இப்போது கன்னெல்லோனி செய்தால், மைதா கவரும் சீஸ் கவரும் பில்லும் மீந்தது தீரும்வரை குப்பைக்குப் போவதில்லை. எல்லாவற்றையும் ஒரு கிளிப்பில் கோத்து ஃப்ரிட்ஜ் கதவில் மாட்டிவைப்பது மகளின் வேலை. சமைத்த தேதியையும் நேரத்தையும் டப்பாவின் மேல் எழுதி ஒட்டுகிறவளும் அவள்தான்.