கேழ்வரகும் மொச்சையும்

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் மானாவாரிப் புஞ்சைகளில் கேழ்வரகு விதைக்குங்கால் ஊடே மொச்சையையும் விதைப்பது குடியானவர்களின் நெடுநாளைய வழக்கமாகும். எட்டு வரிசைக் கேழ்வரகுக்கு ஒரு வரிசை மொச்சை என்பது பொதுவான கணக்கு. இஃது நிலத்திற்கு நன்மை பயக்குமென்பது பலரும் அறிந்ததே. உண்பவர் தேகத்திற்கும் அதுவே எவ்வாறு உகந்ததாகின்றது என்பதை ஈண்டு விளக்குவாம்.

மொச்சையின் வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள தழைச்சத்தைக் கிரகித்து அச்செடிக்கு அளிக்கின்றன. ஆகையால் அது கேழ்வரகுக்கு இட்ட எருவில் அதிகப் பங்கு கேளாது. உதிர்ந்த இலையும் வேரும் மக்கி அடுத்த பயிருக்கும் உதவும். பகற்பொழுது குறுகிய பின்னரே பூக்கும் நாட்டு மொச்சை, கேழ்வரகு அறுவடையான பிறகும் நின்று, எஞ்சிய ஈரத்தையும் பனியையும் கொண்டே காய்க்கின்றது. நெல்லுக்குச் சுமார் 1200 மில்லிமீட்டர் ஜலம் வேண்டும். கேழ்வரகுக்கோ அதிற் பாதிக்கும் குறைவே போதுமானது. கிணறு வற்றிய பூமியில் கடன்பட்டு ஆழ்துளையிட்டு நெல் நடுவோர் இதனைச் சிந்திக்க வேண்டும்.

இனி ஆகாரத்தை நோக்குவோம். தானியப் புரதத்தில் லைசின் என்னும் கூறு குறைவு. பயறுகளில் அது மிகுதி. பயறுகளில் குறைவான மெத்தியோனின் கேழ்வரகில் நன்கு உண்டு. ஆதலின் களியும் மொச்சைக் குழம்பும் சேர்த்து உண்ணும்போது ஒன்றன் குறையை மற்றொன்று நிரப்புகின்றது. சுண்ணாம்புச் சத்தோ, 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம். தீட்டிய அரிசியில் 10 மில்லிகிராம் அளவே. மிருதுவாக வேண்டுமென்று மாவைச் சன்னமாகச் சலித்துத் தவிட்டை மாட்டுக்கு இடுவோர், அரிசியை அதிகம் தீட்டும் ஆலைக்காரரின் பிழையையே வீட்டிலும் செய்கின்றனர். கேழ்வரகு உண்டால் நீரிழிவு தீருமென்று சிலர் கூறுவதும் உண்மையன்று. நைய அரைத்த மாவின் கூழ் இரத்தத்திற் சர்க்கரையை விரைந்தே ஏற்றக்கூடும்.

பச்சை மொச்சைக்குச் சந்தையில் நல்ல விலை கிடைக்குங்கால் முழுவதையும் விற்றுவிடத் தோன்றுவது இயல்பே. எனினும் வீட்டுச் செலவுக்கென முற்றிய காய்களை ஒருபங்கு விட்டுவைத்தல் நலம். கேழ்வரகைப் பூச்சி எளிதில் தாக்காதாகையால், நன்கு காயவைத்தால் பல ஆண்டுகள் கெடாது.

2023-ஆம் ஆண்டில் தர்மபுரி, நீலகிரி மாவட்ட நியாயவிலைக் கடைகளில் 2 கிலோ அரிசிக்குப் பதிலாகக் கேழ்வரகு வழங்கத் தொடங்கினர். பயறின்றித் தானியம் மட்டும் கிடைப்பது பாதி வேலையே. கிராம அதிகாரிகள் அடங்கலில் கேழ்வரகை மட்டும் எழுதிவிடாது, ஊடுபயிரான மொச்சையையும் தவறாது பதிவு செய்தல் வேண்டும்.