வெளிச்சம் நமக்குத் தெரிகிறது. ஓட்டுநருக்கு நாம் தெரிகிறோமா?

இஷா தொழுகை முடித்து, உத்திரமேரூரிலிருந்து சாலவாக்கம் செல்லும் சாலையில் பைக்கில் போய்க்கொண்டிருந்தேன். எதிரே ஒரு டிப்பர் லாரி ஹைபீம் போட்டபடி வந்தது. கண் கூசியது. லாரி கடந்த பிறகுதான், கைக்கெட்டும் தூரத்தில் கறுப்பு புர்கா அணிந்த ஒரு சகோதரி சிறுமியின் கையைப் பிடித்துக்கொண்டு நடப்பதைக் கண்டேன். அல்ஹம்துலில்லாஹ், ஒன்றும் ஆகவில்லை. வண்டியை நிறுத்திச் சொன்னபோது, "உங்க லைட் வெளிச்சம் ரோட்டுல விழுறதைப் பாத்துட்டுதானே ஓரமா போறோம், ஹஜ்ரத்" என்றார்.

ஆபத்தே இந்த எண்ணத்தில்தான் இருக்கிறது. வண்டியின் விளக்கு நமக்கு அரை கிலோமீட்டருக்கு முன்பே தெரியும். கறுந்தார்ச் சாலையில் கறுப்பு உடையோ லோபீம் வெளிச்சத்தில் சுமார் 25, 30 மீட்டரில்தான் ஓட்டுநருக்குத் தெரியும். 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி ஒரு நொடிக்கு 17 மீட்டர் ஓடுகிறது. பார்த்து, புரிந்து, பிரேக்கில் கால் வைக்கவே ஒன்றரை நொடி ஆகிறது. அதற்குள் அந்த 25 மீட்டரும் முடிந்துவிடும். பிரேக் பிடித்த பிறகு வண்டி நிற்க இன்னொரு 20 மீட்டராவது வேண்டும்.

எதிர் வண்டியின் ஹைபீம் இதை இன்னும் மோசமாக்குகிறது. கூசிய கண் மீண்டும் இருட்டுக்குப் பழகச் சில நொடிகளாவது ஆகும். வயதானவர்களுக்கு அதைவிடக் கூடுதல்.

2022-ல் இந்தியச் சாலைகளில் இறந்த பாதசாரிகள் 32,825 பேர் என்கிறது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம். அவ்வாண்டின் விபத்துகளில் ஐந்தில் ஒன்று மாலை 6 முதல் இரவு 9 மணிக்குள் நடந்தது. பிள்ளைகள் மக்தப் விட்டு வருவதும் நாம் மஃரிபுக்கும் இஷாவுக்கும் நடப்பதும் இதே நேரத்தில்தான்.

"நான் வெள்ளை ஜிப்பாதானே" என்பவர்களுக்கு ஒரு செய்தி. லோபீம் தாழ்வாகவே விழும். அது முதலில் தொடுவது நம் கால்களைத்தான், தொப்பியை அல்ல. வெள்ளைக் கைலி அந்த வகையில் ஓரளவு உதவும்.

அதைவிட நல்லது, லாரிகளின் பின்னால் ஒட்டும் 'ரேடியம் ஸ்டிக்கர்'. (பெயர்தான் ரேடியம், உள்ளே இருப்பவை நுண்ணிய கண்ணாடி மணிகளோ பட்டைகளோதான்.) விழும் வெளிச்சத்தை வந்த திசைக்கே திருப்பி அனுப்புவதால், 100 மீட்டருக்கு அப்பாலிருந்தே மின்னும். புர்காவின் நிறத்தை மாற்ற வேண்டியதில்லை. கீழ் ஓரத்திலும் செருப்பின் குதிகாலிலும் ஒரு துண்டு போதும். முதுகில் அசையாமல் மின்னும் புள்ளியை ஓட்டுநர் மைல்கல் என்று நினைத்துவிடலாம். காலில் ஏறி இறங்கும் புள்ளியைக் கண்டால் மனிதர் நடப்பது என்று கண் உடனே புரிந்துகொள்ளும்.

நடைபாதை இல்லாத சாலையில் வலது ஓரமாக, வரும் வண்டிகளைப் பார்த்தபடி நடங்கள். செல்போன் டார்ச்சை உங்கள் காலடியில் அடியுங்கள். ஓட்டுநர் முகத்தில் அடித்துவிடாதீர்கள். சைக்கிளில் பின் ரிஃப்ளெக்டர் உடையாமல் இருக்கிறதா, சேறு படிந்திருக்கிறதா என்று பாருங்கள். பக்கத்துத் தெருவிலிருந்து திரும்பும் வண்டிக்கு அது தெரியாது. அதனால் சக்கரக் கம்பிகளிலும் ஒட்ட வேண்டும். எங்கள் மக்தப் பிள்ளைகளின் சைக்கிள்களில் இந்த வாரம்தான் ஒட்டத் தொடங்கியிருக்கிறோம்.