இறுகிய மோட்டரும் நல்ல தண்ணீரும்

மாதக்கணக்கில் ஓடாமல் கிடந்த படகு மோட்டரின் கயிற்றை இழுத்தால் அசையாது. கழற்றப் போனால் போல்ட்டும் அசையாது. யாழ்ப்பாணத் தீவகத்தில் ஊர்காவற்றுறை, நயினாதீவு, நெடுந்தீவுப் பக்கத்துப் பைபர் படகுகளில் பூட்டும் வெளியிணைப்பு இயந்திரங்களுக்கு இது பழகிய நோய். முரட்டுப் பலம் இதற்கு மருந்தல்ல.

மோட்டரின் உடல் அலுமினியம். போல்ட் துருப்பிடிக்காத உருக்கு. இரண்டுக்கும் நடுவே கடல்நீர் புகுந்தால் அங்கே ஒரு மின்கலமே உருவாகிவிடுகிறது. அலுமினியம் கரைந்து வெள்ளைப் பொடியாகிறது. அந்தப் பொடிக்கு உலோகத்தைவிடக் கூடுதல் இடம் வேண்டும். ஆகவே மரையின் இடுக்கெல்லாம் அடைத்து, போல்ட்டைக் கவ்விக்கொள்கிறது. இந்த நிலையில் திருகுசாவியைப் போட்டு முறுக்கினால் தலைதான் அறுந்து கையோடு வரும்.

முதலில் இடுக்கில் ஊறும் மெல்லிய ஒயிலை விட்டு, போல்ட்டின் தலையைச் சுத்தியலால் மெல்லத் தட்ட வேண்டும். அதிர்வில் பொடி விரிசல் விடும். ஒயில் உள்ளே இறங்கும். ஓர் இரவு ஊறட்டும். அதற்கும் மசியாவிட்டால் சூடு. ஒரே சூட்டில் அலுமினியம் இந்த உருக்கைவிட ஏறக்குறைய 1.4 மடங்கு விரியும். அதனால் போல்ட்டை விட்டுவிட்டு, அதைச் சுற்றியுள்ள உடலையே சூடாக்க வேண்டும். எரிபொருள் தாங்கியையும் குழாய்களையும் முன்பே அகற்றி, ஒயிலையும் துடைத்துவிடுவது கட்டாயம். பிறகு சிறிது இறுக்கி, சிறிது தளர்த்தி, முன்னும் பின்னுமாகத் திருப்பினால் மரை பொடியை அரைத்து வழிவிடும்.

பிஸ்டன் பிடித்திருந்தால் பிளக்கைக் கழற்றி, அந்தத் துளை வழியே ஒயில் ஊற்றி, ஓரிரு நாள் பொறுக்க வேண்டும். கயிற்றை வெடுக்கென்று இழுக்காமல், பிளைவீலைக் கையால் இருபக்கமும் அசைக்க வேண்டும். இளகியதும் ஓட்டிவிடக்கூடாது. குளிர்விக்கும் நீர்வழியில் உப்பு அடைத்ததா, எரிபொருளில் ஒயில் குறைந்ததா என்று காரணம் பார்க்காவிட்டால் மறுபடியும் பிடிக்கும்.

வருமுன் காப்பதற்கு வழி எளிது: கடலால் வந்ததும் மோட்டரை நன்னீரில் சிறிது நேரம் ஓட்டிக் கழுவுவது, பூட்டும் போல்ட்டுக்குக் கிறீஸ் பூசுவது, அலுமினியத்துக்குப் பதிலாகத் தானே கரைகின்ற துத்தநாகக் கட்டியை, தேய்ந்ததும் மாற்றுவது. ஆனால் தீவுகளில் குடிக்கவே நன்னீர் அரிது. ஒரு லீற்றர் கடல்நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்பு. அதை உவர்க்கிணற்று நீரால் கழுவினாலும் உப்பு மிஞ்சும். அதனால் மாரியில் கூரைத் தண்ணீரைப் பீப்பாவில் பிடித்து மோட்டருக்கென்று ஒதுக்கலாம். தீவில் மழைநீர் சேமிப்பு தொழிலையும் காக்கும் வேலை. மீனவர் சங்கங்கள் இதை இறங்குதுறைதோறும் செய்ய வேண்டும்.