உருவகம் மெய்யாகும் நாடகம்

கி. மு. 5ஆம் நூற்றாண்டில் கிரேக்கப் புலவர் சோபோக்கிளிஸ் இயற்றிய 'ஈடிப்பஸ் மன்னன்' என்னும் அவலச்சுவை நாடகம், கொள்ளைநோயால் நலிந்த தீப்ஸ் நகர மக்களின் முறையீட்டுடன் தொடங்குகின்றது. அரண்மனை வாயிலில் நிற்கும் முதிய பூசகர், நகரத்தை அலைகளினின்று தலைதூக்க இயலாது தத்தளிக்கும் கப்பலாக உருவகிக்கின்றார். நகரம் கப்பலெனின், அதன் மீகாமன் மன்னனேயன்றோ! அவனோ குடிகளைப் பிள்ளைகளென விளித்து, அவர்கள் யாவரினும் பெரிய நோயாளி தானே என்கின்றான். நோயென அவன் கருதியது மனத்துயரை, அஃது உருவகமே. ஆயின், அறியாது தந்தையைக் கொன்று தாயை மணந்த அவனே அக்கொள்ளைநோய்க்குக் காரணன். பழங்கதையறிந்த ஏதென்ஸ் அவையோர் இதனை அறிவர், அவன் அறியான். இரக்கத்தாற் கூறிய உருவகம் ஈற்றில் அவன்மீதே மெய்யாய் விழுகின்றது. தொடக்கத்தை ஊன்றிக் கேட்போர்க்கு முடிவும் அதிலேயே கேட்கும்.