குடவோலையும் வகுப்பறைத் தேர்தலும்

தேர்தலின் இயல்பை மாணாக்கர்க்கு உணர்த்தப் பாடநூல் விளக்கம் மட்டும் போதாது. அதனை நடித்துக் காணுதலும் வேண்டும் என்பது நம் கருத்து. இதற்கு உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் பெரிதும் துணைபுரிவன. முதற் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் அவ்வூர்ச் சபையார் வகுத்த விதிகளை வைகுந்தப் பெருமாள் கோயிற் சுவர்களில் இன்றும் காணலாம்.

921ஆம் ஆண்டு விதிகளை நம் இளங்கலை வகுப்பில் நடத்திப் பார்த்தோம். ஊரின் 30 குடும்புகளுக்கு ஈடாக வகுப்பை ஆறு பிரிவாக்கினோம். முதற்கண் தகுதிகளைப் படித்தோம்: 35 வயதிற்கு மேல் 70 வயதிற்குள் இருத்தல் வேண்டும், கால்வேலிக்கு மேற்பட்ட இறைநிலமும், சொந்த மனையில் எடுத்த வீடும், வேதப் பயிற்சியும் வேண்டும். வயது விதியைப் படித்த அளவிலேயே வகுப்பில் ஒருவரும் எஞ்சவில்லை. சிரிப்பு எழுந்தது, பின்னர் அமைதி நிலவியது. அந்தணர்க்குரிய சதுர்வேதிமங்கலத்துச் சபை அஃது என்பதனை நெடிய விரிவுரையினும் அவ்வமைதியே நன்கு உணர்த்திற்று.

பின்னர், கற்பனையாக வயதும் நிலமும் கல்வியும் குறித்த சீட்டுகளை வழங்கி, தகுதியுற்றோர் பெயர்களைக் குடத்தில் இட்டோம். ஏதும் அறியாச் சிறுவன் ஒருவன் ஓலை எடுத்தலும், மத்தியஸ்தன் ஐந்து விரலும் அகல விரித்து உள்ளங்கையில் அதனை ஏற்றலும், அனைவரும் கேட்கப் படித்தலும் கல்வெட்டிற் கண்டவாறே நிகழ்ந்தன. முடிவில் மாணவி ஒருத்தி, "ஐயா, நாங்கள் யாரையும் தேர்ந்தெடுக்கவில்லையே!" என்றாள்.

அவ்வொரு வினாவே நாம் வேண்டிய பயன். குடவோலை திருவுளச்சீட்டே, வாக்களிப்பு அன்று. இதனை இக்கால மக்களாட்சியோடு ஒன்றெனக் கூறுதல் வரலாற்றுக்குப் பொருந்தாது. எனினும் அதற்குரிய சிறப்பும் உண்டு. கையூட்டுக்கும் கட்சிகட்டலுக்கும் அங்கே இடம் அரிது. மூன்றாண்டுக்குள் வாரியத்தில் இருந்தவர் மீண்டும் புகலாகாது. வாரியஞ் செய்து கணக்குக் காட்டாதவரே அன்றி அவர்தம் உறவினரும் விலக்கப்பட்டனர்.

மறுநாள் மறைவு வாக்கெடுப்பை நடத்தினோம். 1951-52இல் நிகழ்ந்த முதற் பொதுத்தேர்தலில் 21 வயது நிரம்பியோர்க்கே இருந்த வாக்குரிமை, அரசியலமைப்பின் 61ஆம் திருத்தத்தால் 1989 முதல் 18 வயதினர்க்கும் உரியதாயிற்று. ஆகவே, முதல்நாள் குடத்திற்குப் புறம்பே நின்றவர் அனைவரும் இந்நாள் வாக்களித்தனர். நிலமும் கல்வியும் எவரிடத்தும் வினவப்பெறவில்லை. வேட்பாளர் தம் கருத்தை எடுத்துரைக்க, மாணாக்கர் கேட்டு, ஐயுற்று, வினவித் தெளிந்தனர். குடத்தின்முன் வாளாவிருந்தவர்க்கு இங்கே முடிவு செய்யும் பொறுப்பு வந்தது.

ஈற்றில் மாணாக்கர் தாமே ஒரு விதியை முன்மொழிந்தனர்: வகுப்பு மன்றத்தின் பணத்திற்குக் கணக்குக் காட்டாதவர் அடுத்த ஆண்டு மன்றத் தேர்தலில் நிற்றல் கூடாது. பழமையைப் போற்றுதலும் ஆராய்தலும் வேறல்ல என்பதனை அவர்கள் இவ்விரு நாளில் உணர்ந்தனர் என்றே கருதுகின்றோம். விலக்கத்தக்கதை விலக்கினர், கொள்ளத்தக்கதைக் கொண்டனர். தேர்தல் என்னும் சொல்லின் பொருளும் அதுவே அன்றோ?