நெகட்டிவ் என்றாலும் நிம்மதி இல்லை

ஜெர்மனியில் அரசுச் சுகாதார அலுவலகத்துக்குப் போய், பெயரைச் சொல்லாமலே எச்.ஐ.வி. பரிசோதனை செய்துகொள்ளலாம். அங்கிருக்கும் ஆலோசகர்களுக்கு நன்றாகப் பழகிப்போன ஒரு ரகம் உண்டு. ரயில் கழிப்பறையில் உட்கார்ந்தேன், சவுனா பலகையில் ஈரம் இருந்தது, கதவுக் கைப்பிடியில் சிவப்பாக ஏதோ தெரிந்தது என்று வருபவர்கள். பலர் ஏற்கெனவே பரிசோதித்து 'நெகட்டிவ்' தாளும் வைத்திருப்பார்கள். அந்தத் தாள் மீதுதான் அடுத்த சந்தேகம்.

இந்தப் பயம் புதிதல்ல. 'எய்ட்ஸ் ஃபோபி' (எய்ட்ஸ் அச்சம்) என்ற தலைப்பில் ஹான்ஸ் யேகர் என்ற மருத்துவர் தொகுத்த நூல் 1988லேயே வந்துவிட்டது.

விஷயம் தெரியாததால் வரும் பயம் என்று இதைச் சொல்ல முடியாது. 1985இல் மேற்கு ஜெர்மனி அரசு எய்ட்ஸ் பற்றிய துண்டுப் பிரசுரத்தை நாட்டின் எல்லா வீடுகளுக்கும் அனுப்பியது. 1990ஐ ஒட்டி வந்த தொலைக்காட்சி விளம்பரத்தை அந்தத் தலைமுறை இன்றும் சொல்லிச் சிரிக்கும். கூச்சத்தோடு ஆணுறை வாங்க வந்தவர் நெளிய, கல்லாவில் இருக்கும் பெண் கடையே கேட்கும்படி அதன் விலையை விசாரிப்பார். சிரிக்க வைத்துப் பாடம் சொன்ன அதே நாட்டில் இன்னொரு குரலும் இருந்தது. 1987இல் பவேரிய மாநில அரசின் பீட்டர் கௌவைலர், அரசு வேலைக்கு விண்ணப்பிப்பவர்கள், ஐரோப்பிய சமூக நாடுகளுக்கு வெளியிலிருந்து வந்து தங்க விரும்புபவர்கள் எனப் பலருக்கும் கட்டாயப் பரிசோதனை கொண்டுவந்தார். மத்திய சுகாதார அமைச்சர் ரீட்டா ஜூஸ்மூத் எதிர்த்தார். தேசிய அளவில் வென்றது அவர் வழி. பவேரியாவிலோ தஞ்சம் கோரி வந்தவர்களுக்கான பரிசோதனை பல்லாண்டுகள் நீடித்தது.

பொருட்கள் வழியே தொற்றுமா என்ற கேள்விக்கு விடை எப்போதோ கிடைத்துவிட்டது. 1986இல் நியூயார்க் மருத்துவர் ஜெரால்ட் ஃபிரீட்லாண்ட் குழுவினர், எய்ட்ஸ் நோயாளிகளோடு ஒரே வீட்டில் வாழ்ந்த 101 பேரை ஆராய்ந்தார்கள். ஒரே கழிப்பறை, ஒரே தட்டு, சில வீடுகளில் ஒரே பல்துலக்கிகூட. கிருமி இருந்தது ஒரு குழந்தைக்கு மட்டுமே. அதற்கும் பிறப்பின்போது தாயிடமிருந்தே வந்திருக்க வேண்டும் என்பது முடிவு. உடலுக்கு வெளியே அந்தக் கிருமி அவ்வளவு பலவீனமானது.

இதையெல்லாம் சொன்னால் பயந்தவர் தலையாட்டுவார். ஒரு நாள் நன்றாகத் தூங்குவார். மறுநாள் கழுத்தில் நெறி கட்டியிருக்கிறதா என்று அழுத்திப் பார்ப்பார், அழுத்தி அழுத்தியே அது வலிக்கும், வலித்தால் போச்சு. ஆய்வகப் பரிசோதனையை ஆறு வாரம் கழித்து எடுத்தால் முடிவை நம்பலாம் என்பார்கள். இவர் எட்டாம் வாரமும் எடுப்பார், பன்னிரண்டாம் வாரமும் எடுப்பார். 2018 முதல் வீட்டிலேயே செய்துகொள்ளும் பரிசோதனைப் பெட்டி கடைகளில் தாராளமாகக் கிடைக்கிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் இவர் கையில் அது குடிகாரர் கையில் கிடைத்த பாட்டில்.

ஆறுதல் சொல்லச் சொல்ல நோய் வளர்கிறது என்பதுதான் இதன் சூட்சுமம். ஃபிராங்க்ஃபர்ட் பல்கலைக்கழக உளவியலாளர் ஃபுளோரியான் வெக்கும் சகாக்களும் உடல்நலப் பதற்றத்துக்கான இரண்டு சிகிச்சைகளை ஒப்பிட்டு 2015இல் வெளியிட்டார்கள். ஒன்று, எண்ணத்தை மாற்றுவது. மற்றது, அஞ்சுவதை நேருக்கு நேர் சந்திப்பது. இரண்டுமே பலன் தந்தன. இரண்டாவது வழியில் கைப்பிடியைத் தொட வேண்டும், கை கழுவக் கூடாது, முக்கியமாக யாரிடமும் கேட்கக் கூடாது. வீட்டிலிருப்பவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. “எனக்கு ஒன்றும் இல்லையே?” என்ற கேள்விக்கு ஒருமுறை பதில் சொல்லலாம். பத்தாம் முறை பதில் சொல்லாமலிருப்பதே உதவி. மனைவிக்கோ அம்மாவுக்கோ அது எவ்வளவு கஷ்டம் என்பது வேறு கதை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கழிப்பறை இருக்கையைப் பற்றிக் கேட்பவர் சில நேரம் உண்மையில் கேட்க நினைப்பது வேறு. வாய்விட்டுச் சொல்ல முடியாத ஓர் இரவு, குடும்பத்துக்குத் தெரியக் கூடாத ஓர் உறவு. நம்மவர்கள் எந்த நாட்டில் இருந்தாலும் இதில் விதிவிலக்கல்ல. குற்ற உணர்வைச் சுமக்க ஏதாவது ஒரு பொருள் வேண்டும். பாவம், கழிப்பறை இருக்கை மாட்டிக்கொள்கிறது.

இந்தப் பயத்துக்கான விலையைக் கொடுப்பவர்களோ எச்.ஐ.வி.யோடு வாழ்பவர்கள். ஒழுங்காக மருந்து எடுத்து, ரத்தத்தில் கிருமி தென்படாத அளவுக்கு வந்துவிட்டவரிடமிருந்து உடலுறவில்கூடத் தொற்றாது. அப்படியிருந்தும், கடைசி நோயாளியாகத்தான் பார்ப்போம் என்று பல் மருத்துவமனைகளில் நேரம் ஒதுக்கப்படுவது ஜெர்மனியில் நெடுநாள் புகார். ஜெர்மன் எய்ட்ஸ் உதவி அமைப்பும் பல் மருத்துவர்களின் தேசிய சம்மேளனமும் சேர்ந்து இதற்காகவே ஒரு கையேடு போட்டிருக்கின்றன. பயப்பட வேண்டாம், எல்லா நோயாளிகளுக்கும் செய்யும் வழக்கமான சுத்தமே போதும் என்று அது யாருக்குச் சொல்கிறது தெரியுமா? பல் மருத்துவர்களுக்கும் அவர்களுடைய உதவியாளர்களுக்கும்.