சேஸ் ஒரு ஊர், எஞ்சின் ஒரு ஊர்

எஞ்சின் விபத்தில் நசுங்கிய ஒரு ஜீப்பினுடையது. கியர் பாக்ஸ் வேறொரு வண்டியின் வயிற்றிலிருந்து வந்தது. பின் ஹவுசிங் ஏலத்தில் எடுத்தது. ஸ்டியரிங் பாக்ஸ் பழைய இரும்புக்கடையில் எடைக்கு வாங்கியது. நாலையும் ஒரு சேஸ் மேல் உட்காரவைத்து, வெல்டிங் போட்டு, டீசல் ஊற்றி, முதல் புகை கிளம்பும்போது பட்டறையில் நிற்கிற எல்லோருக்கும் முகம் மலர்ந்துவிடும். எனக்கும் மலரும். ஒன்றுக்கொன்று ஆகாத இரும்பையெல்லாம் ஒத்துப்போக வைக்கிற கை சாதாரணக் கை இல்லை.

தர்மபுரி மாவட்டத்தில் இப்படி ஒரு வண்டிக்கு ஆசைப்படக் காரணமும் இருக்கிறது. பாலக்கோட்டுத் தக்காளிக்கும் காரிமங்கலத்து மாங்காய்க்கும் அரூர்ப் பக்கத்துக் கரும்புக்கும் காட்டிலிருந்து தார் ரோடு வரைக்கும் உள்ள தூரம்தான் பெரிய தூரம். பென்னாகரம் பக்கத்தில் கோட்டூர் மலைக்கு வாக்குப்பதிவு இயந்திரத்தையே கழுதை முதுகில் ஏற்றி அனுப்பிய மாவட்டம் இது. கம்பெனி விற்கிற புது வண்டி பலருக்கு எட்டாது. எட்டினாலும் அந்தத் தடத்துக்குத் தோதாக இருக்காது. 'நமக்கு வேண்டிய மாதிரி நாமே கட்டிக்கொண்டால் என்ன?' என்ற கேள்வி அங்கேதான் பிறக்கிறது.

கட்டலாம். ஆனால் அதை ரோட்டில் இறக்கிய நிமிடத்தில் அது சட்டத்தின் கண்ணில் என்ன ஆகிறது என்பதைக் கட்டுவதற்கு முன்பே தெரிந்துகொள்ள வேண்டும். கட்டி முடித்த பிறகு தெரிந்துகொண்டவர்கள் கொடுத்த விலை, பெரும்பாலும் வண்டியின் விலையைவிட அதிகம்.

வடக்கே இதற்கு 'ஜுகாட்' என்று பெயர். கிணற்றில் தண்ணீர் இறைக்கிற ஆயில் எஞ்சினைத் தூக்கி, பலகை போட்ட ஒரு சட்டத்தில் வைத்து, பழைய ஜீப்பின் அச்சையும் சக்கரத்தையும் மாட்டி ஓட்டுவார்கள். நம்பர் இல்லை, இன்சூரன்ஸ் இல்லை, பல வண்டிகளில் நம்பிச் சொல்லும்படி பிரேக்கும் இல்லை. 'இது மோட்டார் வாகனமே இல்லை, எங்கள் ஊர் வண்டி' என்ற வாதம் ரொம்ப நாள் ஓடியது. ராஜஸ்தான் அரசுப் போக்குவரத்துக் கழகம் சம்பந்தப்பட்ட ஒரு விபத்து வழக்கில், 2013 மே மாதம், உச்ச நீதிமன்றம் அந்த வாதத்துக்கு முற்றுப்புள்ளி வைத்தது. ஜுகாட்டும் மோட்டார் வாகனம்தான். பதிவும் இன்சூரன்சும் இல்லாமல் ரோட்டில் ஓடக் கூடாது. நம் சென்னையின் மோட்டார் பூட்டிய மீன்பாடி வண்டிக்கும் இதே கணக்குதான்.

சரி, பதிவு செய்துகொள்கிறேன் என்று கிளம்பினால்? ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முதலில் கேட்பது படிவம் 21, படிவம் 22. முன்னது விற்பனைச் சான்று. பின்னது, இந்த வண்டி ரோட்டில் ஓடத் தகுதியானது என்று உற்பத்தியாளர் கையெழுத்துப் போட்டுத் தருவது. அந்தக் கையெழுத்தைப் போடும் உரிமையே, வண்டியின் மாதிரியை அரசு அங்கீகரித்த சோதனை நிலையத்தில் கொடுத்துத் தேறியவருக்குத்தான். புனேயில் இருக்கிற ஏ.ஆர்.ஏ.ஐ. அப்படிப்பட்ட ஒரு நிலையம். ஒரே ஒரு வண்டி கட்டுகிறவருக்கு அந்தச் சோதனைச் செலவு கட்டுப்படியாகாது. ஆகவே பல வண்டிப் பாகங்களைச் சேர்த்துப் புதிதாகப் பிறந்த வண்டிக்கு நடைமுறையில் நம்பர் கிடைக்காது. புரோக்கர் 'வாங்கித் தருகிறேன்' என்றால், அவர் வாங்கித் தரப்போவது வேறொரு செத்த வண்டியின் நம்பர்.

இங்கேதான் ஆபத்து கனமாகிறது. ஓடாமல் கிடக்கும் பழைய வண்டி ஒன்றின் ஆர்.சி.யை வைத்துக்கொண்டு, அதன் சேஸ் நம்பரை இன்னொரு சேஸில் கொத்துவது பித்தலாட்டம்; அது அபராதத்தோடு முடிகிற விஷயமும் இல்லை. வாங்கிய எஞ்சின் திருட்டு வண்டியினுடையதாக இருந்துவிட்டால் இன்னும் மோசம். திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ வாங்கி வைத்திருந்தால், பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-ஆம் பிரிவில் 3 ஆண்டு வரை சிறை. 'இரும்புக்கடையில்தான் வாங்கினேன்' என்பது பில் இருந்தால் மட்டும் பதில். எந்த நம்பர் வண்டியிலிருந்து கழற்றியது, எஞ்சின் நம்பர் என்ன, விற்றவர் யார் என்ற மூன்றும் பில்லில் இருக்க வேண்டும். கடைக்காரர் எழுத மறுத்தால் அந்தச் சாமான் வேண்டாம்.

இருக்கிற வண்டியையே மாற்றுகிறவர்கள்தான் நம் பக்கம் அதிகம். நம்பர் இருக்கிறது, ஆர்.சி. இருக்கிறது; உள்ளே எஞ்சின் வேறு, ஹவுசிங் வேறு, சேஸ் ஒன்றரை அடி நீளம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு இதைத்தான் தடுக்கிறது. ஆர்.சி.யில் உள்ள விவரம், உற்பத்தியாளர் முதலில் குறித்த விவரத்தோடு முரண்படும்படி வண்டியை மாற்றக் கூடாது. வண்டியின் அடிப்படைத் தன்மையை மாற்றும் கட்டமைப்பு மாற்றம்தான் இங்கே 'மாற்றம்'. தார்ப்பாய்க்குக் கொக்கி அடிப்பதற்கெல்லாம் யாரும் பயப்பட வேண்டாம். கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இந்தப் பிரிவை இறுக்கமாகவே படித்தது. அதே ஆண்டு வந்த திருத்தம் 182-ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. அனுமதி இல்லாமல் மாற்றும் உரிமையாளருக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். 'ஒவ்வொரு மாற்றத்துக்கும்' என்ற சொல்லைக் கவனியுங்கள். எஞ்சின், ஹவுசிங், சேஸ் நீளம் என்று மூன்றைத் தொட்டவருக்குக் கணக்கு 15,000.

வழி இல்லாமலும் இல்லை. எஞ்சின் போய்விட்டதென்றால் அதே கம்பெனி, அதே வகை எஞ்சின் மாற்றிக்கொள்ள முன்கூட்டியே எழுதி அனுமதி கேட்கலாம். 10 வண்டிக்குக் குறையாமல் வைத்திருக்கும் உரிமையாளர்களுக்கு, முன் அனுமதி இல்லாமலே அப்படி மாற்றிக்கொள்ள மாநில அரசு அதிகாரம் தரவும் சட்டத்தில் இடம் இருக்கிறது. ஒரே வண்டி வைத்துப் பிழைக்கிறவர்தான் அலைய வேண்டும் என்பது எனக்கு உறுத்துகிறது. ஆனால் சட்டம் அப்படித்தான் இருக்கிறது. எஞ்சினை மாற்றியதும் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.விடம் தெரிவித்து ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். தர்மபுரிக்குப் போக முடியாதவர்களுக்குப் பாலக்கோட்டிலும் அரூரிலும் பகுதி அலுவலகங்கள் இருக்கின்றன. அனுமதி மறுத்தாலோ பதிவை நிறுத்திவைத்தாலோ எழுத்தில் உத்தரவு கேளுங்கள். அது கைக்கு வந்த 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்ய 57-ஆம் பிரிவு உரிமை தருகிறது. வாய்மொழியாக 'ஆகாது' என்பதற்கு மேல்முறையீடு கிடையாது.

வேலைக்குத் தோதான புது வண்டியே வேண்டும் என்பவருக்கு நேர்வழி நாமக்கல்லில் இருக்கிறது. கம்பெனியிலிருந்து வெறும் சேஸாக வாங்கி, பாடி கட்டுகிறவரிடம் விட்டு, படிவம் 22-ஏ-யில் சேஸுக்குக் கம்பெனியும் பாடிக்குக் கட்டியவரும் கையெழுத்துப் போட்டுப் பதிவு செய்வது. நம் ஊர் லாரிகள் பலவும் இப்படிப் பிறந்தவைதான்.

சட்டத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு இரும்பைப் பார்ப்போம். நம் மாவட்டத்துத் தொப்பூர் கணவாயில் 2020 டிசம்பரிலும் 2024 ஜனவரியிலும் நடந்த விபத்துகளில் தலா நான்கு பேர் செத்தார்கள். ஆர்.சி. உள்ள லாரிகளே அந்த இறக்கத்தில் அப்படித் தடுமாறுகின்றன. இறக்கத்தில் ஒரு வண்டி இழக்கிற உயரம் எங்கோ சூடாக மாறித்தான் ஆக வேண்டும்; எஞ்சின் பிடித்தது போக மிச்சம் முழுக்க பிரேக் டிரம்முக்கு. எடை இரண்டு மடங்கானால் சூடும் இரண்டு மடங்கு. பெரிய வண்டியின் எஞ்சினைச் சின்ன வண்டியில் வைத்தால் இழுவை கூடும், ஆகவே லோடும் கூடும். டிரம் மட்டும் பழைய அளவிலேயே இருக்கும். ஏறும்போது கைதட்டியவர்கள் இறங்கும்போது கூட வரமாட்டார்கள்.

இன்னொரு பிசகு பட்டறைக்காரர்களிலும் சிலருக்குத்தான் உறைக்கும். பெட்ரோல் ஜீப்பில் டீசல் எஞ்சின் மாற்றுகிறார்கள். பெட்ரோல் எஞ்சின் காற்றை உறிஞ்சும் வழியில் ஒரு தடுப்பு உண்டு. அதனால் கிடைக்கும் வாக்குவம்தான் பிரேக் பூஸ்டருக்குப் பலம். டீசல் எஞ்சினில் அந்த அளவுக்கு வாக்குவம் கிடையாது. தனி வாக்குவம் பம்ப் வைக்க வேண்டும். வைக்காமல் பழைய குழாயை அப்படியே சொருகிவிட்டால், மேட்டாங்காட்டில் மெதுவாக ஓட்டிப் பார்க்கும்போது ஒன்றும் தெரியாது. லோடோடு கணவாயில் மிதிக்கும்போது பெடல் கல்லாக நிற்கும்.

சேஸ் வெல்டிங்கும் அப்படித்தான். ஒட்டிய இடம் பெரும்பாலும் உடையாது. ஒட்டுக்குப் பக்கத்தில் சூடு பட்டுத் தன்மை மாறிய இடத்தில்தான் விரிசல் விடும். மேலே பெயின்ட் அடித்திருப்பதால் கண்ணுக்கும் தெரியாது.

இப்போது வேறு பக்கத்திலிருந்து யோசியுங்கள். வண்டி கட்டியவர் நீங்கள் இல்லை. அது மோதியது உங்கள் வீட்டு ஆள் மேல். நம்பர் இல்லாத வண்டி, இன்சூரன்ஸ் இல்லை, 'ஒன்றும் தேறாது, பேசி முடித்துக்கொள்ளுங்கள்' என்று ஊரில் நாலு பேர் வருவார்கள். முடித்துக்கொள்ள வேண்டாம். ஓட்டியவர் மேலும் உரிமையாளர் மேலும் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனுப் போடலாம். விபத்து நடந்த இடத்தில்தான் போட வேண்டும் என்றில்லை. நீங்கள் குடியிருக்கும் இடத்திலும் போடலாம். 2022 ஏப்ரல் முதல் 6 மாதக் கெடு இருக்கிறது. அதை எதிர்த்து வழக்குகள் நடந்திருப்பதால், நாள் தவறிவிட்டது என்று நீங்களே முடிவுகட்டாமல் ஒரு வக்கீலைக் கேளுங்கள். வக்கீலுக்குப் பணம் இல்லையென்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. தொலைபேசி எண் 15100. இன்சூரன்ஸ் இல்லாத வண்டியைப் போதிய ஈடு காட்டாமல் விடுவிக்கக் கூடாது, காட்டாவிட்டால் ஏலம் விட்டுப் பணத்தைத் தீர்ப்பாயத்தில் கட்ட வேண்டும் என்றும் விதி இருக்கிறது. ஆகவே வண்டி ஸ்டேஷனில் நிற்கும்போதே மனுப் போடுவது நல்லது. அடிபட்டவரின் அவசரச் சிகிச்சைக்கு, 2021 டிசம்பரில் தமிழக அரசு தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம் முதல் 48 மணி நேரத்தைப் பார்த்துக்கொள்ளும். அதற்கு மோதிய வண்டியின் இன்சூரன்ஸ் தேவையில்லை.

சரக்கு வண்டியில் ஆள் ஏற்றிப் போவது பற்றியும் சொல்ல வேண்டும். துக்கத்துக்கும் கோயிலுக்கும் போகிறவர்களைப் பின்னால் நிற்கவைத்து ஓட்டுகிற வழக்கம் இன்னும் போகவில்லை. இன்சூரன்ஸ் உள்ள வண்டியானாலும், சரக்கு வண்டியில் இனாமாக ஏறிய பயணிக்கு இன்சூரன்ஸ் கம்பெனி பொறுப்பாகாது என்று 2002-இல் உச்ச நீதிமன்றம் ஆஷா ராணி வழக்கில் சொல்லிவிட்டது. லோடுமேன் கூலியாளாக ஏறியவர் என்பதால் அவர் கதை வேறு. அவர் குடும்பம் தொழிலாளர் இழப்பீட்டுக்கும் போகலாம்.

வண்டிக்காரருக்கு? ஓட்டிய அஜாக்கிரதையில் ஒருவர் இறந்தால் 5 ஆண்டு வரை சிறை. இழப்பீடு லட்சக்கணக்கில் வந்தால் காடும் வீடும் ஜப்திக்குப் போகும். இன்சூரன்ஸ் இருந்தும் வண்டி ஆர்.சி.யில் உள்ள வண்டியாக இல்லையென்றால், கம்பெனி அதைப் பிடித்துக்கொண்டு வாதாடும். பாதிக்கப்பட்டவருக்குக் கொடுத்துவிட்டு உங்களிடம் வசூலித்துக்கொள்ளத் தீர்ப்பாயம் அதற்கு அனுமதி தருவதும் உண்டு.

அப்படியானால் கட்டவே கூடாதா? சுற்றுச்சுவருக்குள் மட்டும் ஓடுவதற்கென்றே அமைந்த தனி வகை வண்டியை 'மோட்டார் வாகனம்' என்ற வரையறையிலிருந்து சட்டம் விலக்கி வைத்திருக்கிறது. கட்டுகிற கைக்கு அங்கே இடம் இருக்கிறது. ரோட்டுக்கென்று கட்டினால் கதை வேறு. மகாராஷ்டிரத்தின் சாங்லி மாவட்டத்தில் ஒருவர் பழைய இரும்பில் கிக்கர் உதைத்துக் கிளப்பும் ஜீப் ஒன்றைக் கட்டினார். 2021-இல் அதைப் பார்த்து வியந்த ஆனந்த் மஹிந்திரா, விதிக்குப் புறம்பான வண்டியென்று அதிகாரிகள் என்றைக்காவது நிறுத்திவிடுவார்கள் என்றும் சேர்த்தே சொன்னார். அதற்குப் பதிலாக மஹிந்திரா கம்பெனியார் ஒரு பொலீரோ கொடுத்தார்கள். அந்த ஜீப்பைச் செங்கல்பட்டுப் பக்கம் உள்ள தங்கள் ஆய்வு மையத்தின் சேகரிப்பில் வைப்பதாகச் சொன்னார்கள்.

கடைசியாக, வண்டி கட்டாதவர்களுக்கும் ஒரு வேலை. உங்கள் பழைய வேனை எப்போதோ இரும்புக்கடைக்குப் போட்டிருப்பீர்கள், ஆர்.சி.யை ரத்து செய்திருக்க மாட்டீர்கள். வண்டி அழிந்துபோனால் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 55-ஆம் பிரிவு. விற்றிருந்தால் பெயர் மாற்றம். இரண்டும் செய்யாமல் விட்ட அந்த நம்பர், யாரோ கட்டிய வண்டியின் முன்னால் தொங்கிக்கொண்டிருக்கலாம். வண்டி யார் கையில் இருந்தாலும், பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், இழப்பீடு அவர் பொறுப்பு என்று 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் நவீன் குமார் வழக்கில் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. எம்-பரிவாகன் செயலியில் அந்தப் பழைய நம்பரைத் தட்டிப் பாருங்கள். பதிவு இன்னும் உயிரோடு இருந்தால், பீரோவில் கிடக்கும் ஆர்.சி.யை எடுத்துக்கொண்டு திங்கட்கிழமையே கிளம்புங்கள்.